ஜே பாஸ் கிட்டாரின் பிக்கப்பை மாற்றலாமா? மேடையில் பாஸ் காணாமல் போகிறது

நாலுகம்பி, திருச்சி:

வணக்கம். பத்து வருடமாக மெல்லிசைக் குழுவிலும், ஞாயிற்றுக்கிழமைகளில் சர்ச் கொயரிலும் பாஸ் வாசிக்கிறேன். என்னிடம் இருப்பது ஜே வகை (ஜாஸ் பாஸ்). இரண்டு சிங்கிள் காயில் பிக்கப் (கம்பியின் அதிர்வை மின்சமிக்ஞையாக்கும் பகுதி), பேட்டரி இல்லை. வீட்டில் சின்ன ஆம்பில் கேட்டால் மனசு நிறைந்துவிடும். மேடை ஏறினால் போச்சு. டிரம்ஸ், இரண்டு கீபோர்டு, கிட்டார், தபலா எல்லாம் சேர்ந்ததும் நான் வாசிப்பது எனக்கே கேட்பதில்லை. சவுண்டு பார்ப்பவரிடம் ஏற்றச் சொன்னால் தரை அதிர்கிறதே தவிர எந்தச் சுரம் என்று தெரியவில்லை. இளையராஜா பாட்டு வாசிக்கிறவனுக்கு இது பெரிய வேதனை. அவர் பாஸுக்கு எழுதுவதே தனி மெட்டு. அது கேட்கவில்லையென்றால் பாட்டே குறைபட்டுப் போகிறது.

ஒரு கடையில் விசாரித்தேன். "ஜே எடுபடாது, பி பிக்கப் போட்டுவிடுங்கள்" என்றார்கள். பி என்றால் பிரிசிஷன் பாஸ் வகை. இன்னொரு நண்பர் ஹம்பக்கர் (இரட்டைக் காயில் பிக்கப்) என்கிறார். எதைப் போட்டாலும் கட்டையைக் குடைய வேண்டும், அதுதான் பயம். கையில் பத்தாயிரம் ரூபாய் இருக்கிறது. எதில் போடலாம்?

மந்தரம், சென்னை:

தம்பி, உளியை எடுப்பதற்கு முன்னால் சில விவரம் வேண்டும். இரண்டு வால்யூமும் எங்கே வைத்து வாசிக்கிறீர்கள்? டோன் குமிழ்? கம்பி எந்த வகை, எவ்வளவு பழசு? மேடையில் ஆம்ப் உண்டா, இல்லை நேராக மிக்ஸரா?

நாலுகம்பி, திருச்சி:

அண்ணா, மூன்று குமிழும் எப்போதும் முழுக்கத் திறந்துதான் இருக்கும். ரவுண்ட்வுண்ட் கம்பி (மேலே உருண்டைக் கம்பி சுற்றியது), ஒரு வருடம் ஆகிறது. ஆம்ப் எப்போதாவதுதான் கிடைக்கும். பெரும்பாலும் நீளமான கேபிளை எடுத்து நேராக மிக்ஸரின் லைன் இன்புட்டில் குத்திவிடுவோம்.

சாலிடர்வாசனை, கோவை:

கிட்டார், பாஸ் பழுது பார்ப்பதுதான் என் வேலை. உங்கள் பதிலைப் படித்ததும் இரண்டு இடத்தில் நின்றுவிட்டேன்.

முதலில் அந்த லைன் இன்புட். பேட்டரி இல்லாத பாஸின் பிக்கப் என்பது காந்தத்தைச் சுற்றி ஆயிரக்கணக்கான சுற்று மெல்லிய செம்புக் கம்பிதான். அதிலிருந்து வரும் சமிக்ஞைக்கு எதிரே பெரிய தடை வேண்டும், சுமார் 1 மெகா ஓம். கிட்டார் ஆம்ப், ஆக்டிவ் டிஐ பெட்டி (பாஸுக்கும் மிக்ஸருக்கும் நடுவில் வைப்பது) எல்லாம் அந்த அளவில்தான் இருக்கும். மிக்ஸரின் லைன் இன்புட் பெரும்பாலும் 10 கிலோ ஓம் பக்கம். அதில் நேராகக் குத்தினால் பிக்கப்பின் பலத்தை மிக்ஸரே உறிஞ்சிவிடும். மேல்பக்கமும் நடுப்பகுதியும் படுத்து, அடியில் ஒரு மொத்தை மட்டும் மிஞ்சும். நீங்கள் சொன்ன "தரை அதிர்கிறது, சுரம் தெரியவில்லை" அப்படியே இதுதான். நீளமான கேபிளும் தன் பங்குக்கு மேல்பக்கத்தைக் கொஞ்சம் தின்னும். இந்த நிலையில் உலகத்தின் எந்தப் பிக்கப்பைப் போட்டாலும் இதே கதிதான்.

இரண்டாவது, இரண்டு வால்யூமும் முழுக்கத் திறப்பது. இதை விளக்க ஒரு கணக்குப் போட வேண்டும், பொறுத்துக்கொள்ளுங்கள். முழு அளவு பாஸின் கம்பி நீளம் 34 அங்குலம், அதாவது 864 மில்லிமீட்டர். ஜே பாஸில் நெக் (கழுத்து) பக்கப் பிக்கப் பிரிட்ஜிலிருந்து (கம்பி கட்டையில் முடியும் இடம்) ஏறக்குறைய 15 சென்டிமீட்டரிலும், பிரிட்ஜ் பக்கப் பிக்கப் 6 சென்டிமீட்டரிலும் இருக்கிறது. ஈ கம்பியைச் சும்மா மீட்டினால் அடிச்சுரம் 41 ஹெர்ட்ஸ். அதன் 8-ஆம் மேற்சுரம் (அடிச்சுரத்தோடு சேர்ந்தே ஒலிக்கும் எட்டு மடங்கு அதிர்வு) 330 ஹெர்ட்ஸ். அந்த மேற்சுரத்துக்கு, கம்பி ஒரு பிக்கப்பின் மேல் எழும்பும் அதே நேரத்தில் மற்றதன் மேல் தாழ்கிறது. இரண்டையும் சம அளவில் கூட்டினால் ஒன்றை ஒன்று அழித்துவிடும். 7-ஆம் மேற்சுரமும் பாதிக்கு மேல் போய்விடும். ஒரு பாஸ் சுரத்தைக் காது அடையாளம் கண்டுகொள்வது இந்த நடுப்பகுதியை வைத்துத்தான். அடிச்சுரத்தை மண்டபத்து ஸ்பீக்கர் பலதும் சரியாகச் சொல்வதே இல்லை.

வீட்டில் தனியாக வாசிக்கும்போது இந்தப் பள்ளம் இனிமையாகக் கேட்கும். மேடையில் அதே பள்ளத்துக்குள் கீபோர்டுக்காரரின் இடது கை வந்து உட்கார்ந்துவிடுகிறது.

பிரிட்ஜ் வால்யூமை முழுசிலிருந்து கொஞ்சம் இறக்குங்கள், பத்துக்கு ஏழு போதும். பள்ளம் பாதி நிரம்பும். இதற்குச் செலவு ஏதும் இல்லை.

கட்டைவிரல், சென்னை:

சாலிடர் அண்ணா சொன்ன கணக்கு சரி. ஆனால் அந்தப் பள்ளத்தைக் குறையாகப் பார்க்காதீர்கள். ஸ்லாப் (கட்டைவிரலால் கம்பியை அடிப்பது) வாசிக்கிறவர்களுக்கு அதுதான் உயிர். பாஸ் கலைஞர் மார்கஸ் மில்லரின் 1977 ஜே பாஸைக் கேளுங்கள். இரண்டு பிக்கப்பும் திறந்து, புதுக் கம்பியில் கட்டைவிரல் விழும்போது வரும் அந்தக் கண்ணாடித் தெளிவு நடுப்பகுதி இறங்கியதால்தான் கிடைக்கிறது. எழுபதுகளின் ஜே பாஸில் பிரிட்ஜ் பிக்கப்பை இன்னும் ஒரு சென்டிமீட்டர் அளவுக்குப் பிரிட்ஜ் பக்கம் நகர்த்தினார்கள். அந்த ஒரு சென்டிமீட்டரே வேறு நிறம். நாலுகம்பி அண்ணா, அந்த இடத்தில் ஹம்பக்கரைப் போட்டு ஜேயை ஒழித்துவிடாதீர்கள் என்று கெஞ்சிக் கேட்கிறேன்.

மந்தரம், சென்னை:

ஒழிக்கச் சொல்லவில்லை, கட்டைவிரல். ஆனால் தம்பியின் தேவை வேறு. கூட்டத்தில் அவர் குரல் கேட்க வேண்டும். பி ஏன் அப்படிக் கேட்கிறது என்று தெரிந்துகொண்டால் ஜேயிலிருந்தே பாதி தூரம் போய்விடலாம். அதனால் கொஞ்சம் பழைய கதை சொல்கிறேன்.

1951-இல் ஃபெண்டர் பிரிசிஷன் பாஸ் வந்தபோது அதில் ஒரே ஒரு சிங்கிள் காயில், ஒரு கம்பிக்கு ஒரு காந்தம். 1957-இல் அதை இரண்டாகப் பிளந்தார்கள். ஈ, ஏ கம்பிகளுக்கு ஒரு பாதி, டி, ஜி கம்பிகளுக்கு இன்னொரு பாதி. கம்பிக்கு இரண்டு காந்தம், கம்பி நடுவில் ஓடும். இரண்டு பாதியும் எதிரெதிர்த் திசையில் சுற்றப்பட்டு, எதிரெதிர்க் காந்த முனையோடு வரிசையாக இணைந்திருப்பதால் இரைச்சல் தானாக அழிந்துவிடுகிறது. ஒரு கம்பிக்கு ஒரே இடத்தில்தான் காது. இரண்டு காது இல்லாததால் ஒன்றை ஒன்று அழிக்கும் பேச்சே இல்லை. நடுப்பகுதி கெட்டியாக நிற்கும். ஜாஸ் பாஸ் 1960-இல் வந்தது, இரண்டு காதோடு.

டெட்ராய்ட்டில் மோட்டவுன் இசை நிறுவனத்துக்கு வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சனின் கையில் இருந்தது 1962 பிரிசிஷன். லா பெல்லா நிறுவனத்தின் ஃப்ளாட்வுண்ட் கம்பி (மேலே தட்டைப் பட்டை சுற்றியது), அதையும் லேசில் மாற்ற மாட்டார். வலது கையில் ஒரே ஆட்காட்டி விரல். அந்தப் பாட்டுகளைச் சின்ன ரேடியோவில் கேட்டாலும் பாஸின் ஒவ்வொரு சுரமும் வழி தவறாமல் வந்து சேரும். ஜாக்கோ பாஸ்டோரியஸின் 1962 ஜாஸ் பாஸ் இதற்கு எதிர்த் துருவம். ஃப்ரெட் என்னும் உலோகக் கட்டுகளை எடுத்த விரல் பலகை, ரவுண்ட்வுண்ட் கம்பி, பெரும்பாலும் பிரிட்ஜ் பிக்கப் மட்டும். அடிச்சுரம் குறைவு, ஆனால் மூக்கால் பாடுவது போன்ற ஒரு குரல் எந்தக் கூட்டத்தையும் கிழித்துக்கொண்டு வரும். இருவருமே தனித்துக் கேட்டதற்குக் காரணம், இருவரும் ஒரு கம்பியை ஒரு இடத்தில் கேட்கவைத்ததுதான் என்பது என் எண்ணம்.

ஜேயின் நெக் பிக்கப் ஏறக்குறைய பி இருக்கும் இடத்திலேயே இருக்கிறது. அதை மட்டும் திறந்து ஒரு நாள் வாசித்துப் பாருங்கள்.

பனைநிழல், யாழ்ப்பாணம்:

அண்ணை சொன்னது உண்மைதான், ஆனா நெக் பிக்கப்பை மட்டும் திறந்தால் ஹம் (கரண்டு இரைச்சல்) வந்திடுமே. ஜேயில இரண்டும் சேர்ந்து முழுசாத் திறந்தால்தான் ஒன்றின் ஹம்மை மற்றது அழிக்கும். நான் கோயில்ல வாசிக்கேக்க இது பெரிய பிரச்சினை, பாதர் பிரசங்கம் செய்யிற அமைதியில 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் தனியாக் கேட்கும். அதால நான் பிஜே பாஸுக்கு மாறினனான். முன்னுக்கு பி, பின்னுக்கு ஜே. பாட்டுக்கு பி மட்டும் போதும்.

ஆனால் அதிலயும் ஒரு விஷயம். ஜேயையும் திறந்தால் ஜேயின்ர ஹம் அப்பிடியே நிக்கும், ஏனென்றால் பி தன்ர ஹம்மைத் தனக்குள்ளேயே அழிச்சிடுது, ஜேக்குத் துணையில்லை. சத்தமும் சமனில்லை, பி அமுக்கிப் போடும். நான் பியைத் தாழ்த்தி, ஜேயை உயர்த்தித்தான் சமன்படுத்தினனான். உள்ளுக்கு முழுக்கச் செம்புத் தாள் ஒட்டியும் ஹம் முழுசாப் போகேல்லை, அது ஏனென்று இன்றைக்கும் விளங்கேல்லை.

சாலிடர்வாசனை, கோவை:

பனைநிழல், அது உங்கள் ஒட்டும் வேலையின் குறை இல்லை. இரைச்சலில் இரண்டு வகை உண்டு. ஒன்று கரகரவென்று வருவது. டிம்மர் விளக்கு, மட்டமான எல்ஈடி அடாப்டர் இவற்றின் மின்புலம். செம்புத் தாளை எர்த்தோடு இணைத்தால் இது அடங்கும். மற்றது ஆழமான உம்ம்ம். டிரான்ஸ்ஃபார்மரின் காந்தப்புலம். செம்புத் தாள் அதை நிறுத்தாது. எதிர்ச்சுற்றுக் காயில் ஒன்றுதான் அதற்கு மருந்து. எளிய சோதனை சொல்கிறேன். கம்பியைத் தொட்டதும் சத்தம் குறைந்தால் முதல் வகை. நின்ற இடத்திலேயே பாஸோடு திரும்பும்போது சத்தம் கூடிக் குறைந்தால் இரண்டாவது வகை. உங்களுக்கு வேண்டியது ஜே அளவிலேயே வரும், உள்ளே காயில் பிளந்த பிக்கப். கட்டையைக் குடைய வேண்டியதில்லை.

இதைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை: ஹம் போக வேண்டும் என்று ஆம்ப் பிளக்கின் எர்த் முள்ளை உடைத்து எடுப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து யாரும் செய்யாதீர்கள். கை கம்பியில், உதடு மைக்கில். எர்த் இல்லாத மேடையில் அது உயிர் போகிற விஷயம்.

சுருதிப்பெட்டி, மதுரை:

நான் வீட்டில் ஒரு ஒப்பீடு செய்து பார்த்தேன். ஒரே பிராண்ட், ஒரே அளவு நிக்கல் ரவுண்ட்வுண்ட் செட்டை பி பாஸிலும் ஜே பாஸிலும் மாட்டி, ஒரே டிஐ வழியாக, ஈக்யூ எதுவும் தொடாமல், ஒரே எட்டு பார் வரியைப் பதிவு செய்தேன். தனியாகக் கேட்கும்போது எனக்கு ஜேதான் பிடித்தது. அழகான சிணுங்கல், விரல் நுனி தெரிகிறது. பி கொஞ்சம் முரடாக, மூடிய பெட்டிக்குள்ளிருந்து வருவது போலிருந்தது. பிறகு டிரம்ஸையும் கீபோர்டையும் சேர்த்தேன். ஜேயின் சிணுங்கல் ஹைஹேட்டுக்குள் கரைந்துவிட்டது. பி இருந்த இடத்திலேயே நின்றது. அந்த "முரட்டுத்தனம்"தான் அதை நிறுத்தியிருக்கிறது.

இன்னொன்று. ஜேயில் நெக் பிக்கப் மட்டும் திறந்து டோனைப் பாதி இறக்கிய பதிவை வீட்டில் இருந்த இருவரிடம் போட்டுக் காட்டி எது பி என்று கேட்டேன். இருவருமே தவறாகச் சொன்னார்கள். ஆனால் 12-ஆம் ஃப்ரெட்டுக்கு மேலே போனதும் இரண்டு பாஸிலுமே குரல் மாறுவதைக் கவனித்தேன். கம்பி நீளம் பாதியானால் அதே பிக்கப் கம்பியின் மூன்றில் ஒரு பங்கு இடத்துக்கு வந்துவிடுகிறது. மூன்றாம் மேற்சுரம் ஏறக்குறைய காணாமல் போகிறது. மேலே ஏறினால் சுரம் உருண்டையாகக் கேட்பதற்கு அது காரணமாக இருக்கலாமா?

சாலிடர்வாசனை, கோவை:

அதேதான் அக்கா. உங்கள் காது கணக்கை முந்திவிட்டது.

பனிக்காலம், டொரன்டோ:

ஹம்பக்கர் பற்றி ஒருவரும் எழுதாததால் நான் எழுதுகிறேன். என்னிடம் மியூசிக் மேன் ஸ்டிங்ரே இருக்கிறது. 1976-இல் வந்த வடிவம். பெரிய காந்தங்கள், இரண்டு காயில் இணையாக, உள்ளே பேட்டரியில் ஓடும் ப்ரீஆம்ப் (சமிக்ஞையை வலுவாக்கும் சின்ன மின்சுற்று). பிக்கப் இருக்கும் இடம் பியைவிடப் பிரிட்ஜுக்குக் கிட்ட. ஷிக் குழுவின் பெர்னார்ட் எட்வர்ட்ஸ் வாசித்த வகை. அதன் தாக்கு கூர்மையானது, எவ்வளவு சத்தத்திலும் முன்னுக்கு வரும். ப்ரீஆம்ப் இருப்பதால் நீளமான கேபிளும் லைன் இன்புட்டும் அதை அவ்வளவாகப் பாதிக்காது. ஜாக்கைக் குத்தியபடியே விட்டால் பேட்டரி தீர்ந்துவிடும் என்பதை மட்டும் மறக்கக்கூடாது.

ஆனால் நாலுகம்பி, அந்தக் குரல் எல்லாப் பாட்டிலும் தன்னையே காட்டும். மென்மையான மெட்டுக்கு அடியில் போய் நிற்கச் சொன்னால் நிற்காது. நீங்கள் வாசிக்கிற பாட்டுகளுக்கு ஜேயை வைத்துக்கொண்டே ஒரு சீரிஸ் சுவிட்ச் போட்டுப் பாருங்கள். ஜேயில் இரண்டு பிக்கப்பும் வழக்கமாக இணையாக இருக்கும். ஒரு குமிழை புஷ்-புல் பாட்டாக (இழுத்து அமுக்கும் சுவிட்சோடு வரும் பொட்டென்ஷியோமீட்டர்) மாற்றி, இழுத்தால் வரிசையாக இணையும்படி செய்யலாம். சத்தம் ஏறும், நடுப்பகுதி தடிக்கும், மேல்பக்கம் சற்று மங்கும். ஹம்மும் அழிந்தே இருக்கும். அந்த நிலையில் ஒரு வால்யூம்தான் இரண்டுக்கும் வேலை செய்யும். அமுக்கினால் பழைய ஜே திரும்ப வரும், கட்டைவிரலும் கவலைப்பட வேண்டாம்.

நாலுகம்பி, திருச்சி:

எல்லாருக்கும் நன்றி. மூன்று நாளாக இந்த இழையைத் திரும்பத் திரும்பப் படித்தேன். ஒரு சந்தேகம். கடையில் காட்டிய ஜே பிக்கப் பெட்டியில் 9 கிலோ ஓம் என்று போட்டிருந்தது. என்னுடையதை மீட்டரில் அளந்தால் 7.4. அப்படியானால் அது பலமானதா?

சாலிடர்வாசனை, கோவை:

அந்த ஓம் எண்ணை மட்டும் வைத்துப் பிக்கப் வாங்கக்கூடாது. அது பிக்கப்பில் சுற்றிய செம்புக் கம்பியின் தடை, அவ்வளவுதான். மெல்லிய கம்பியில் குறைவாகச் சுற்றினாலும் ஓம் கூடும். ஒரே கம்பி, ஒரே காந்தம் என்றால் மட்டும் அதிக ஓம் அதிகச் சுற்று என்று எடுத்துக்கொள்ளலாம். அப்போதும் சத்தம் கூடுவதோடு மேல்பக்கமும் இறங்கும். 7.4 ஜேக்கு ஆரோக்கியமான எண். காந்தம் அல்னிக்கோவா செராமிக்கா என்பதும் அப்படித்தான். செராமிக் என்றால் கூர்மை என்று பொத்தாம்பொதுவாகச் சொல்வார்கள். சுற்று எண்ணிக்கையும் உயரமும் சேர்ந்துதான் முடிவு செய்கின்றன.

உயரத்தைப் பார்த்தீர்களா? கடைசி ஃப்ரெட்டில் கம்பியை அமுக்கிக்கொண்டு, காந்தத்துக்கும் கம்பியின் அடிப்பக்கத்துக்கும் இடைவெளியை அளங்கள். ஈ பக்கம் 2.8, ஜி பக்கம் 2 மில்லிமீட்டர் என்று தொடங்கலாம். ரொம்பக் கிட்டே வந்தால் காந்தமே கம்பியை இழுத்து, சுரம் அலையும். ஈ கம்பியில் மேல் ஃப்ரெட்டுகளில் அது நன்றாகக் காதில் விழும்.

நாலுகம்பி, திருச்சி:

அளந்தேன் அண்ணா. பிரிட்ஜ் பிக்கப் சரியாக இருந்தது. நெக் பிக்கப் ஈ பக்கம் 5 மில்லிமீட்டருக்கு மேல் கீழே புதைந்து கிடக்கிறது! இத்தனை வருடமாக நான் பிரிட்ஜ் பிக்கப்பைத்தான் அதிகமாகக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறேன். திருகாணியைத் திருப்பினேன், மேலே வரவில்லை. அடியில் இருந்த ஸ்பாஞ்சு நைந்து போயிருந்தது. புது ஸ்பாஞ்சு வெட்டி வைத்ததும் எழும்பிவிட்டது. வீட்டு ஆம்பிலேயே வித்தியாசம் தெரிகிறது.

மந்தரம், சென்னை:

சென்னையில் இருக்கிற ஈரத்தில் நான் பார்த்த பாதி ஜே பாஸுகளில் அந்த ஸ்பாஞ்சு மாவாகத்தான் கிடக்கும். நல்லது. கம்பியையும் மாற்றிவிடுங்கள். ராஜா பாட்டுக்கு ஃப்ளாட்வுண்ட் ஒரு தடவை முயன்று பாருங்கள். கையில் வழுக்கும், சறுக்கல் சத்தம் இருக்காது, சுரம் உருண்டு வரும். ரவுண்ட்வுண்டைவிட விலை கூடத்தான், ஆனால் வருடக்கணக்கில் உழைக்கும்.

கட்டைவிரல், சென்னை:

ஃப்ளாட்வுண்ட் போட்டால் ஸ்லாப் கண்ணாடி போய்விடும் அண்ணா. குத்துப் பாட்டு வாசிக்கிறவர் என்றால் நிக்கல் ரவுண்டிலேயே இருந்து, டோன் குமிழைப் பாதியில் வைக்கலாமே.

நாலுகம்பி, திருச்சி:

நேற்று ஒரு கல்யாண வரவேற்புக் கச்சேரி. செய்தது இவ்வளவு: நண்பரிடம் கடன் வாங்கிய ஆக்டிவ் டிஐ பெட்டி, புது நிக்கல் ரவுண்ட் கம்பி (ஃப்ளாட்வுண்டுக்கு இன்னும் மனம் வரவில்லை, மந்தரம் அண்ணா மன்னிக்கவும்), நெக் பிக்கப் முழுசு, பிரிட்ஜ் ஆறு, டோன் பாதிக்குச் சற்று மேலே. சவுண்டு பார்ப்பவரிடம் ஒன்றுதான் கேட்டேன்: அடியை ஏற்றாதீர்கள்.

முதல் பாட்டின் இரண்டாவது சரணத்தில் தபலாக்காரர் திரும்பி என்னைப் பார்த்தார். இடைவேளையில் வந்து, "அந்த இடத்தில் பாஸ் இறங்கி வருகிறதே, அதை இன்றைக்குத்தான் கேட்கிறேன்" என்றார். ஆறு வருடமாக என் பக்கத்தில் உட்கார்ந்து வாசிக்கிறவர்.

பிரிட்ஜைக் குறைத்ததால் லேசாக ஹம் இருந்தது. பாட்டு ஓடும்போது தெரியவில்லை, அறிவிப்பாளர் பேசும்போது வால்யூமை மூடிக்கொண்டேன். சர்ச்சில் அது கேட்கும். அதனால் சீரிஸ் சுவிட்ச் போட்டுவிடலாம் என்று முடிவு. பத்தாயிரத்தில் முதலில் டிஐ பெட்டி சொந்தமாக வாங்குகிறேன். பிக்கப் மாற்றுவது இப்போதைக்கு இல்லை. சாலிடர் அண்ணா, எந்தக் குமிழை புஷ்-புல் ஆக்கலாம்?

சாலிடர்வாசனை, கோவை:

டோன் குமிழை. 250 கிலோ ஓம் புஷ்-புல் பாட் வாங்குங்கள். இப்போது அதில் இருக்கும் கெப்பாசிட்டரைக் கழற்றிப் புதியதில் வைத்துக்கொள்ளலாம், பெரும்பாலும் 0.047 மைக்ரோ ஃபாரட் இருக்கும். வாங்குவதற்கு முன் குழியின் ஆழத்தை அளந்துவிடுங்கள், புஷ்-புல் பாட் சாதாரண பாட்டைவிட உயரம். எதையும் கழற்றுவதற்கு முன்னால் உள்ளே இருப்பதை ஒரு படம் எடுத்து இங்கே போடுங்கள். எந்த வயர் எங்கே என்று குறித்துத் தருகிறேன்.